கம்போடியாவில் கிழிந்த டாலர்: புதிதாகக் குடியேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காகக் கம்போடியத் தலைநகர் ப்னாம் பென்னுக்கு வந்து சேரும் நம்மவர்கள் பலர் முதல் மாதத்திலேயே யாரோ ஒரு கடைக்காரரோடு மனக்கசப்பைத் தேடிக்கொள்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல் உள்ள ஒரு டாலர் நோட்டு. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். புன்னகையோடு திருப்பி நீட்டுவார். எண் தெளிவாக இருக்கிறது, படம் முழுதாக இருக்கிறது, பிறகு ஏன் மறுக்கிறார் என்று நமக்குக் கோபம் வரும். அவரே மீதியாகத் தரும் உள்ளூர் ரியேல் நோட்டுகளோ கசங்கி, அழுக்கேறி, மீன் வாடையோடு இருக்கும். சிலவற்றில் டேப் கூட ஒட்டியிருக்கும். அதை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், ஆம், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பார்த்தால் அநியாயம் போலத் தோன்றும் இதற்குப் பின்னால் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு புரியாததால்தான் மற்ற தவறுகள் எல்லாம் வருகின்றன.

கம்போடியாவின் சொந்தப் பணம் ரியேல். 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகரைக் கைப்பற்றிய கம்யூனிச க்மேர் ரூஜ் ஆட்சி, பணம் என்பதையே ஒழித்தது. மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த ஆட்சி 1979இல் வீழ்ந்த பிறகும் சில காலம் அரிசியும் பொன்னும்தான் அங்கே பணம். 1980 மார்ச்சில் ரியேல் திரும்பி வந்தது. அதன் மீதான நம்பிக்கை உடனே திரும்பவில்லை. 1992-93இல் ஐ.நா. இடைக்கால நிர்வாகம் ஏறத்தாழ 22,000 பேரோடு வந்து இறங்கியபோது சம்பளமும் வாடகையும் டாலரில் ஓடத் தொடங்கின. அன்று நுழைந்த டாலர் இன்னும் வெளியேறவில்லை. இன்றும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் டாலரில். காய்கறியும் தெருவோர நூடுல்ஸும் ரியேலில். அமெரிக்கச் சில்லறைக் காசுகள் புழக்கத்தில் இல்லாததால், ஒரு டாலருக்குக் கீழான மீதி எப்போதும் ரியேலில்தான் வரும். ஒரு டாலருக்கு 4,000 ரியேல், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது கிழிசலுக்கு வருவோம். ரியேல் கிழிந்தால் அதை அச்சடித்த மத்திய வங்கி அதே ஊரில் இருக்கிறது. அது பழைய நோட்டைப் பெற்றுக்கொண்டு புதியதைக் கொடுத்துவிடும். டாலருக்கு அந்த வசதி கிடையாது. அதை அச்சிட்டவர்கள் கடல் கடந்து வாஷிங்டனில் இருக்கிறார்கள். பழுதான டாலர்களை உள்ளூர் வங்கி கட்டி, காப்பீடு செய்து, விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை யாராவது சுமந்தாக வேண்டும். எனவே வங்கி மறுக்கும், அல்லது ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வாங்கும். வங்கி மறுப்பதை மொத்த வியாபாரி மறுப்பார். அவர் மறுப்பதைச் சில்லறைக் கடைக்காரர் மறுப்பார். உங்கள் நோட்டின் மதிப்பை அங்கே நிர்ணயிப்பது சட்டம் அல்ல. அந்த நோட்டை அடுத்து வாங்கப்போகிறவரின் கைதான்.

2020இல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 1, 2, 5 டாலர் நோட்டுகளைப் படிப்படியாகக் குறைக்க விரும்பிய கம்போடிய மத்திய வங்கி, வங்கிகளிடம் சேர்ந்த அந்தச் சிறு நோட்டுகளை ஆகஸ்ட் இறுதி வரை கட்டணமின்றிப் பெற்றுக்கொள்வதாகவும், அதன் பிறகு ஏற்றுமதிச் செலவை வங்கிகளே ஏற்க வேண்டும் என்றும் அறிவித்தது. சிறு நோட்டுகள் செல்லாமல் போகவில்லை. ஆனாலும் அறிவிப்பு வந்ததும் கைகள் தயங்கின.

ஆகவே முதல் தவறு, கடையில் நின்று சட்டம் பேசுவது. அமெரிக்கச் சட்டப்படி பாதிக்கு மேல் தெளிவாக மிஞ்சியிருக்கும் நோட்டுக்கு முழு மதிப்பு உண்டு என்பது உண்மை. பாதிக்குக் குறைவாக இருந்தாலும், மிச்சம் முற்றிலும் அழிந்துவிட்டது என்று நிரூபித்தால் அந்நாட்டின் கருவூலத் துறை மாற்றித் தரும். எரிந்ததையும் மக்கியதையும் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவு இயங்குகிறது. ஆனால் ப்சார் த்மெய் சந்தையில் மாம்பழம் விற்கும் அம்மாளுக்கு வாஷிங்டனுக்குக் கடிதம் போட நேரமில்லை. நீங்கள் வாதத்தில் வென்றாலும் மாம்பழம் கிடைக்காது.

அடுத்தது, வாங்கும்போது பார்க்காமல் வாங்குவது. பண இழப்பில் முக்கால்வாசி இங்கேதான் நேர்கிறது என்பது என் எண்ணம். தெரிந்தவர் கொடுத்த பணத்தை அவர் எதிரிலேயே புரட்டிப் பார்ப்பதை நம் ஊரில் சிலர் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அந்தக் கூச்சத்தை ப்னாம் பென்னில் விட்டுவிடுங்கள். அங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு ஓரங்கள், நடு மடிப்பில் துளை, பேனாக் கிறுக்கல், நாணய மாற்றுக்காரர்கள் அடையாளத்துக்காகக் குத்தும் சின்ன மை முத்திரை, துணியோடு துவைத்து வெளுத்த நிறம் ஆகியவற்றை ஒவ்வொரு நோட்டிலும் பாருங்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் அப்போதே சிரித்தபடி வேறு கேளுங்கள், மாற்றித் தருவார்கள். கல்லாவை விட்டு ஓர் அடி நகர்ந்த பிறகு அது உங்கள் நோட்டு. வங்கிக் கவுண்டரிலும் இதே விதிதான்.

நோட்டின் மதிப்பு கூடக் கூடக் கண்டிப்பும் கூடும். 1 டாலரில் கண்டுகொள்ளாத மடிப்பை 100 டாலரில் விட மாட்டார்கள். 1996க்கு முந்தைய, சிறிய தலைப்படம் கொண்ட 100 டாலர் நோட்டுகளைப் பல இடங்களில் தொடவே தயங்குவார்கள். 2013 அக்டோபரில் வெளிவந்த, நீலப் பட்டை ஓடும் 100 டாலர்தான் பாதுகாப்பு. சென்னையில் டாலர் வாங்கும்போதே இதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பின் அடித்த கட்டு வேண்டாம், முத்திரை குத்தியது வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து கிளம்புவோர் ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் வரைதான் ரொக்கமாக எடுத்துச் செல்ல முடியும். அதில் பாதி மூலைமடிந்த நோட்டுகளாக இருந்தால் போய்ச் சேர்ந்த பிறகு திண்டாட்டம்தான். (மியான்மரில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு காலத்தில் மடித்த டாலரைக் கூட மறுத்தார்கள். புத்தகத்துக்குள் வைத்தே கொண்டுபோவார்கள்.)

இந்தியப் பழக்கங்களில் இன்னொன்றையும் விட வேண்டும்: டேப் ஒட்டுவது. நம் ஊரில் கிழிந்த நோட்டை ஒட்டி வைத்திருந்தால் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே துண்டாக மிஞ்சினால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி மதிப்பு என ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் டாலரிலும் டேப்பை ஒட்டிவிடுகிறோம். டேப் ஒட்டிய டாலரைப் பார்க்கிறவருக்கு இரண்டு வெவ்வேறு நோட்டுகளின் பாதிகளை இணைத்திருப்பார்களோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். சிறு கிழிசலோடு கொஞ்சம் தள்ளுபடியில் போகக்கூடிய நோட்டு, டேப்புக்குப் பிறகு அதற்கும் போகாது. அப்படியே தட்டையாக வைத்துவிடுங்கள். நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணிக்கும் வழக்கத்துக்கும் விடை கொடுத்து, நீளவாக்குப் பணப்பை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கியாயிற்று, கிழிந்திருக்கிறது, என்ன செய்வது? சந்தைகளைச் சுற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் நோட்டுக்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் நாணய மாற்றுக்காரர்களையும் நகைக்கடைகளையும் காணலாம். ப்சார் த்மெய், ப்சார் ஒருஸ்ஸெய் இரண்டு சந்தைகளின் அருகிலும் நிறைய உண்டு. பழுதான டாலரை அவர்கள் குறைத்து வாங்குவார்கள். எவ்வளவு குறைப்பார்கள் என்பது கிழிசலையும் நோட்டையும் பொறுத்தது; இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்தத் தள்ளுபடி கொள்ளை அல்ல. நோட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவில் உங்கள் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உறவினர் இருந்தால், அடுத்த முறை வந்து போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம். அங்கே வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இரவு நேரத்தில், மங்கிய வெளிச்சத்தில், கிழிந்த நோட்டைக் கட்டுக்கு நடுவே செருகி டுக்டுக் ஓட்டுநர் தலையில் கட்டுவது. இதைச் சாமர்த்தியம் என்று கதை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் அந்த மனிதர் பெட்ரோல் போடப்போய் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியவரும். 10 டாலர் அவருக்கு ஒரு நாள் உழைப்பாக இருக்கலாம். அதோடு, நீங்கள் குடியிருக்கும் தெருமுனையில் நிற்கும் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அடுத்து வரும் இந்தியர் எல்லோருடைய நோட்டும் விளக்கடியில் போய் நிற்கும்.

இனி, கோபத்தைப் பற்றி. கம்போடியாவின் பெரும்பான்மையினரான க்மேர் மக்களிடையே பொது இடத்தில் குரல் உயர்த்துகிறவர்தான் முகம் இழந்தவர். நாம் சற்று உரக்கப் பேசிப் பழகியவர்கள். நமக்குச் சாதாரணப் பேச்சு, அவர்கள் காதுக்குச் சண்டையாகக் கேட்கும். நோட்டை மறுக்கும்போது அவர்கள் சிரிப்பதும் கேலி அல்ல. சங்கடத்தை மறைக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சீறுகிறவர்கள்தான் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் சிரித்துவிட்டு வேறு நோட்டை எடுத்தால் நொடியில் முடிந்துவிடும். இந்த விஷயத்தில் தமிழருக்கு உதவும் ஒரு பழக்கமும் உண்டு. முன்பின் தெரியாதவரையும் அண்ணன், அக்கா என்று அழைப்பது நமக்கு இயல்பு. அங்கேயும் அப்படித்தான். மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் "பொங்", நடுவயதுப் பெண் "மிங்", பாட்டி "யேய்". அந்த ஒரு சொல்லோடு இரு கைகளாலும் நோட்டை நீட்டிப் பாருங்கள். அதே அம்மாளிடம் வேறு முகம் தெரியும். நோட்டை மேசையில் வீசாதீர்கள், விரலிடுக்கில் ஆட்டிக் காட்டாதீர்கள்.

ரியேல் விஷயத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அழுக்கு நோட்டு என்று முகம் சுளித்து, கசக்கி, கீழே விழுந்ததைக் காலால் அழுத்தி நிறுத்துவதெல்லாம் வேண்டவே வேண்டாம். ரியேல் நோட்டுகளில் மன்னர் சிஹாமொனியின் படமும் அவருடைய தந்தை சிஹானூக்கின் படமும் இருக்கின்றன. காலின் இடம் எது, தலையின் இடம் எது என்பதில் பௌத்தர்களான க்மேர் மக்கள் நம்மைப் போலவே உணர்ச்சியுள்ளவர்கள். 2012 அக்டோபரில் சிஹானூக் மறைந்த சில நாட்களில், ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சீன மேலாளர் தொழிலாளர்கள் வைத்திருந்த அவருடைய படங்களைக் கிழித்துவிட்டார். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். நீதிமன்றம் தண்டனை விதித்து, அவரை நாட்டை விட்டு அனுப்பியது. அது பண நோட்டு அல்ல, படம்தான். ஆனால் காகிதத்தில் இருக்கும் முகம் அங்கே வெறும் அச்சு அல்ல என்று அறிய அது போதும். 2018இல் மன்னரை அவமதிப்பதற்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்ற சட்டமும் வந்துவிட்டது.

பழைய நோட்டைத் தவிர்க்க வேண்டிய இன்னோர் இடம் கல்யாணம். அழைப்பிதழ் உறையில் உங்கள் பெயர் எழுதியிருக்கும். அதே உறையில் பணம் வைத்து, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். யார் எவ்வளவு வைத்தார் என்று நம் மொய் நோட்டைப் போலவே பின்னால் கணக்கெடுப்பார்கள். அதில் கிழிந்த டாலர் இருந்தால் பெயரோடு மாட்டிக்கொள்வீர்கள்! ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும் க்மேர் புத்தாண்டுக்கும், முன்னோரை நினைக்கும் ப்சும் பென் நாட்களுக்கும் புத்தம் புதிய 100 ரியேல் கட்டுகளை மக்கள் மாற்றி வைத்துக்கொள்வார்கள். பௌத்தக் கோயிலான பகோடாவில் காணிக்கையாகப் போட அவை வேண்டும். அலுவலகத்துத் தோழர்கள் அழைத்தால் நீங்களும் ஒரு கட்டு மாற்றிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்கிறவர்களுக்கு இப்போது எளிய வழி வந்துவிட்டது. மத்திய வங்கி 2020 அக்டோபரில் பாகோங் என்ற பணப்பரிமாற்ற முறையைத் தொடங்கியது; பிறகு நாடு முழுவதற்கும் பொதுவான கியூஆர் குறியீடும் வந்தது. தெருவோரக் கடையிலும் அந்தச் சிவப்பு அட்டை தொங்குகிறது. வேலைக் கடிதமும் விசாவும் கையில் வந்ததும் உள்ளூர் வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். ரியேலிலேயே செலுத்திப் பழகுங்கள். வீட்டுக்காரர் மட்டும் வாடகையை ரொக்கமாகக் கேட்பார். அவருக்கென்று நீலப் பட்டை நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவரும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பார்.