‘ஸ்பிளிட் பெர்சனாலிட்டி’ என்று சொல்வதற்கு முன்னால்: நாம் செய்யும் சில தவறுகள்

காலையில் சிரித்துப் பேசிய ஒருவர் மாலையில் எரிந்து விழுந்தால், ‘அவருக்கு ஸ்பிளிட் பெர்சனாலிட்டி’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பெயருக்குள் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), விலகல் கோளாறு (நினைவும் தன்னுணர்வும் அறுபடுவது), ஆளுமைக் கோளாறு என்று வெவ்வேறான மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். எரிந்து விழுந்தவருக்கு இந்த மூன்றுமே இல்லாமல் வெறும் பசியாகக்கூட இருக்கலாம், அது வேறு கதை.

இந்தக் குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்லவும் முடியாது, பெயர்களே அப்படி. 1908இல் ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற சொல்லை உருவாக்கியபோது, பிளவு, மனம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். யோசனை ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று மனத்தின் வேலைகள் ஒன்றோடொன்று இசையாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார், ஒரு உடம்பில் இரண்டு ஆட்கள் என்று சொல்லவே இல்லை. தமிழில் ‘மனச்சிதைவு’ என்று வந்ததும் அதே எண்ணம் இன்னும் இறுகிவிட்டது. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, ஆதாரமில்லாத ஒன்றை அசைக்க முடியாமல் நம்புவது, இவைதான் அதன் முக்கிய அறிகுறிகள்.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. விலகல் கோளாறில் ஒரு வகை ‘பல ஆளுமைக் கோளாறு’ என்று அழைக்கப்பட்டதால், அதை ஆளுமைக் கோளாறுகளில் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள்; படிக்கத் தொடங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம், 1994 பதிப்பில் அந்தப் பெயரையே தூக்கிவிட்டு ‘விலகல் அடையாளக் கோளாறு’ என்று மாற்றியது. ஏனென்றால் அங்கே பல பேர் இல்லை, ஒரே ஆளின் நினைவும் அடையாளமும் ஒன்றுசேராமல் துண்டு துண்டாக நிற்கின்றன.

எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவியது காலம்தான். விலகல் கோளாறில் காலம் அறுந்துபோகிறது: மதியம் இரண்டு மணி நினைவிருக்கிறது, அடுத்து நினைவுக்கு வருவது இரவு எட்டு, நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. ஆளுமைக் கோளாறில் அதற்கு நேர்மாறாக எதுவும் அறுவதில்லை, இளம் வயதில் தொடங்கிய ஒரே பாணி வேலையிலும் நட்பிலும் காதலிலும் திரும்பத் திரும்ப வந்து அவரையும் சுற்றியிருப்பவர்களையும் வதைக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தத்தளிக்கும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்றிலேயே, கடும் மன அழுத்தத்தின்போது வரும் விலகல் நிலையும் இடம்பெறுகிறது.

சரி, சினிமாவுக்கு வருவோம். ஆளுமை மாறியதும் குரல் கனத்து, கண் சிவந்து, கையில் கத்தியோடு வருவார்கள். நிஜத்தில் விலகல் அடையாளக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோர் அதை வெளியே தெரியாமல் மறைக்கவே பாடுபடுகிறார்கள். பையில் தான் வாங்காத பொருள் இருக்கிறது, முன்பின் தெரியாத ஒருவர் நெடுநாள் பழகியவர்போலப் பேசுகிறார், தன் நோட்டில் தனக்கு நினைவில்லாத வரிகள், இப்படித்தான் அது தென்படும். பலரும் மனச்சோர்வு, பதற்றம் என்று சொல்லி சிகிச்சைக்குப் போய், வேறு வேறு பெயர்களில் பல வருடங்கள் மருந்து சாப்பிட்ட பிறகுதான் விஷயம் பிடிபடுகிறது. ஊராருக்கு ஆபத்து என்ற பயமும் தலைகீழானது: இதற்கு வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெறுபவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு. ஆபத்து அவர்களுக்குத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, இணையத்தில் இப்போது அதுதான் அதிகம். ‘பஸ்ஸில் போகும்போது யோசனையில் மூழ்கி இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன், எனக்கும் விலகல் கோளாறா?’ என்றால், இல்லை. தன்னையே தள்ளி நின்று பார்ப்பதுபோன்ற உணர்வு, சுற்றியுள்ளவை நிஜமில்லாததுபோன்ற உணர்வு, இவை பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது வந்துபோகின்றன. தூக்கம் கெட்டால் வரும், பெரிய அதிர்ச்சியில் வரும், பயம் தலைக்கேறும்போது வரும். அது திரும்பத் திரும்ப வந்தோ விடாமல் நீடித்தோ அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் கோளாறு. இங்கே ‘போல’ என்ற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல இருக்கிறது’ என்பவருக்கு அது நிஜமில்லை என்பது தெரியும். அந்த ‘போல’ காணாமல் போனால் மருத்துவர் மனச்சிதைவு போன்ற வேறு திசையில் யோசிக்கத் தொடங்குவார்.

உடம்பை மறந்துவிடுவதும் ஒரு தவறு. மூளையின் பக்கவாட்டு மடலில் வரும் வலிப்பு, தலையில் பட்ட அடி, கஞ்சா, குடி எல்லாமே இதே மாதிரி அனுபவங்களைத் தரக்கூடியவை. அவற்றைப் பார்க்காமல் நேராக மனத்துக்குள் குதிக்கக் கூடாது.

மனத்துக்குள் குதிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. விலகல் அடையாளக் கோளாறு உள்ள பலருடைய சிறுவயதில் கடுமையான துன்பம் இருந்திருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக ‘உள்ளே ஏதோ புதைந்திருக்கிறது, ஹிப்னாஸிஸ் செய்து தோண்டி எடுத்துவிடலாம்’ என்று கிளம்புவது விபரீதம். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையானது. வற்புறுத்திக் கேட்டால் நடக்காததும் நினைவுபோலவே உருவாகும், குடும்பங்கள் உடைந்தன, வழக்குகள் நடந்தன. அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் முதலில் பாதுகாப்பையும் அன்றாட நிலைத்தன்மையையும்தான் பார்க்கிறார்கள், பழைய காயங்கள் அப்புறம்.

ஆளுமைக் கோளாறு பக்கம் வந்தால், நோய்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பிரிந்துபோன காதலர் நார்சிசிஸ்ட், திட்டும் மேனேஜர் சைக்கோ. ஒருவர் சுயநலமாக நடந்துகொண்டார் என்றால் சுயநலமாக நடந்துகொண்டார் என்றே சொல்லலாமே! ஒரு உறவில், ஒரு கோபத்தில் பார்த்ததை வைத்து இதைச் சொல்ல முடியாது. டிஎஸ்எம் பத்து வகை ஆளுமைக் கோளாறுகளைச் சொல்கிறது, அதில் சமூக விரோத ஆளுமைக் கோளாறை 18 வயதுக்கு முன்னால் கண்டறியவே கூடாது என்று விதி இருக்கிறது.

ஒரே பெயர் உள்ளவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்ற நினைப்பும் தப்பு. பார்டர்லைனுக்கு ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் போதும். கணக்குப் போட்டால் 256 விதமாகச் சேரலாம், அதே பெயருள்ள இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருப்பதும் சாத்தியம். இதையெல்லாம் பார்த்துத்தான் உலகச் சுகாதார நிறுவனம், 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் பழைய வகைகளை விட்டுவிட்டு, பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்க்கும் முறைக்கு மாறியது. பார்டர்லைனை மட்டும் கூடுதல் குறிப்பாக வைத்துக்கொண்டது.

மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே மாறும் பைபோலாரையும் பார்டர்லைனையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு. பைபோலாரில் எழுச்சி நிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் மனநிலை சில மணி நேரத்திலேயே புரளும், பெரும்பாலும் யாரோ விலகிவிடுவார்களோ என்ற பயம் பின்னால் இருக்கும்.

‘இது குணம், மாறாது’ என்பதுதான் இருப்பதிலேயே கொடுமையான தவறு. அமெரிக்க ஆய்வாளர் மேரி ஜனரினியின் குழுவினர் பார்டர்லைன் உள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்கான அளவுகோலுக்கு வெளியே இருக்கும் நிலை வந்தது. வேலை, உறவு எல்லாம் சேர்ந்த முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி போன்ற பேச்சு சிகிச்சைகள்தான் இதில் முதன்மை. கோளாறோடு கூடவரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை உதவும், கோளாறுக்கென்றே தனி மாத்திரை இல்லை.

உங்களுக்கோ வேண்டியவர்களுக்கோ சந்தேகம் என்றால், இணையத்தில் பத்துக் கேள்வி டெஸ்ட் எழுதிவிட்டு நோய்ப் பெயரோடு மருத்துவரிடம் போகாதீர்கள், நடந்ததைக் குறித்துக்கொண்டு போங்கள்: எந்த நாள், எவ்வளவு நேரம் நினைவில்லை, முந்தைய இரவு தூக்கம் எப்படி, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. சாகலாம் என்ற பேச்சு வந்தால் மட்டும் குறிப்பு, அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி, மருத்துவர் ‘இது எப்போதிலிருந்து?’ என்று கேட்பார். அதற்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கட்டும்.