எர்ராடிக், எக்சென்ட்ரிக், கேப்ரிஷியஸ்: எதை எங்கே போடுவது?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் வெளிநாட்டுப் பயணிகளோடு ஆங்கிலத்தில் பேசும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எர்ராடிக் (erratic), எக்சென்ட்ரிக் (eccentric), கேப்ரிஷியஸ் (capricious) என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ‘விசித்திரமான’ என்ற ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சொல்லின் வேர் தெரிந்தால் அந்தக் குழப்பம் வராது.

1. முதலில் எட்டிமான்லைன் (Etymonline) என்ற ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதித் தளத்தில் சொல்லைத் தேடுங்கள். இலவசம்தான். ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் தரும் செயலிகள் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

2. எர்ராடிக். லத்தீனில் எர்ராரே என்றால் அலைவது. பிழையைக் குறிக்கும் எரர் (error) என்பதும் இதே வேரில் வந்ததுதான். முன்பு கோள்களையே ‘அலையும் விண்மீன்கள்’ என்று இச்சொல்லால் குறித்தார்கள். திசை மாறி மாறி வரும் புயலுக்கும், விட்டு விட்டு ஓடும் படகு எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

பலர் சறுக்குவது இங்கேதான். மாறுவதெல்லாம் எர்ராடிக் ஆகாது. ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். கார்த்திகையில் அப்படியே தலைகீழ். நம் மீனவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதனால் அது சீசனல், அதாவது பருவத்தோடு மாறுவது. விவரம் தெரிந்தவராலும் கணிக்க முடியாவிட்டால்தான் எர்ராடிக்.

3. எக்சென்ட்ரிக். கிரேக்கத்தில் எக் என்றால் வெளியே, கென்ட்ரோன் என்றால் மையம். பழங்கால வானியலாளர் தாலமியின் வானியலில் பூமியை மையமாகக் கொள்ளாத வட்டத்துக்கு இந்தப் பெயர். ஊர் வழக்கத்திலிருந்து விலகியவரை இப்படிச் சொல்லலாம். நடு வெயிலில் மழைக்கோட்டோடு நடக்கும் பெரியவர் எக்சென்ட்ரிக். தினமும் அதே நேரத்துக்கு வருகிறார் என்றால் அவர் எர்ராடிக் இல்லவே இல்லை.

4. கேப்ரிஷியஸ். இத்தாலிய கப்ரிச்சோவிலிருந்து வந்தது. தலை, முள்ளெலி என்ற இரு சொற்கள் சேர்ந்து, பயத்தில் முடி சிலிர்ப்பதைக் குறித்தது. அப்புறம் திடீர் மனமாற்றத்துக்கு ஆகிவந்தது. காரணமே இல்லாமல் மணிக்கொரு விலை சொல்லும் வியாபாரிக்குச் சரியாக இருக்கும்.

பிற்சேர்க்கை: ‘விசித்திரமான’ என்றே பொருள்படும் வியர்ட் (weird) பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு விதி என்று பொருள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துச் சூனியக்காரிகளுக்கு அந்த அடைமொழி வந்தது அதனால்தான். இன்று அது பேச்சுவழக்குச் சொல். நண்பர்களிடம் சரி, வேலை விண்ணப்பத்தில் அன்யூஷுவல் (unusual) என்றே எழுதுங்கள்.