சஃபாரி உடைகளைத் துவைப்பது எப்படி? செம்மண்ணும் டும்பு ஈயும்

கென்யாவின் சாவோ பூங்காவில் யானைகளே செங்கல் நிறத்தில்தான் திரியும். அந்தச் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்புத்துரு. புழுதி படிந்த காக்கி பேண்ட்டைக் கழற்றியதும் வாளியில் முக்கிவிடாதீர்கள். புழுதி சேறாகி நூலிழைக்குள் இறங்கிவிடும்.

1. காய்ந்த நிலையிலேயே உதறுங்கள். பாக்கெட்டுகளை வெளியே இழுத்து, மடிப்புகளையும் ஜிப் பற்களையும் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பிறகு ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடுங்கள். திறந்த வெல்க்ரோ மற்ற துணிகளில் நூலை இழுத்துவிடும்.

2. 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி லிக்விட் டிடர்ஜென்ட் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஊற வையுங்கள். சோப்பைக் கூட்டினால் அலசினாலும் முழுதாகப் போகாது. மிஞ்சிய பிசுக்கில் அடுத்த நாள் புழுதி இன்னும் ஒட்டும்.

3. கறை மிஞ்சினால் எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். முதலில் உள்தையலில் தடவிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ப்ளீச் வேண்டவே வேண்டாம். துருக்கறை அப்படியே நிற்கும், காக்கிச் சாயம்தான் போகும்.

சீக்கிரம் காயும் நைலான், பாலியெஸ்டர் சட்டைகளுக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஆகாது. இழைமேல் படலம் படிந்து வியர்வையை உறிஞ்சாது. பெர்மெத்ரின் பூச்சிமருந்து ஏற்றிய உடை என்றால் தனியாகத் துவையுங்கள். அந்தத் தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். மீன்களுக்கு அது நஞ்சு.

4. காயப்போடுவதில்தான் முழுக் கவனம் வேண்டும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் உள்ள டும்பு ஈ, நிழலில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் முட்டையிலிருந்து வெளிவந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய்க் கொப்புளமாக வளரும். சாயம் வெளுக்காமல் இருக்க நிழல் வேண்டும், ஆனால் வெளியே நிழலில் போட்டால் ஈ வரும். அதனால் கொசுவலை அடித்த அறைக்குள் கொடி கட்டுங்கள். தரையிலோ புதரிலோ விரிக்காதீர்கள்.

5. வெளியே காய்ந்த துணி எதுவானாலும் இருபுறமும் இஸ்திரி போடுங்கள். தையல், காலர், இடுப்புப் பட்டை எல்லாவற்றிலும் சூடு இறங்க வேண்டும். பருத்திக்கு நல்ல சூடு தாங்கும். நைலானுக்கு அவ்வளவு சூடு கொடுத்தால் உருகிவிடும். அதை மூடிய பையில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்து உடுத்துங்கள். உடல் கிடைக்காத புழு அதற்குள் செத்துவிடும்.

பல சஃபாரி முகாம்களில் உள்ளாடையைச் சலவைக்கு வாங்க மாட்டார்கள். நீங்களே துவைத்து வெளியே காயப்போட்டால் எலாஸ்டிக் ஓரத்தை விட்டுவிடாமல் இஸ்திரி போடுங்கள், தோலை இறுக்கி ஒட்டியிருப்பது அந்த இடம்தான்.