பால் உறையாமல் மக்கர் செய்தால் பிளாஸ்மிட்டைப் பாருங்கள்

நேற்று வரை ஒழுங்காகப் பாலை உறையவைத்த லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியா திடீரென்று மந்தமாகிவிட்டால், பாக்டீரியாபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தாக்குதலோடு சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியது பிளாஸ்மிட் இழப்பை; பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ. பால் சர்க்கரையான லாக்டோஸைப் பயன்படுத்தும் மரபணுக்களும், பால் புரதமான கேசினை வெட்டும் புரோட்டியேஸ் நொதியின் மரபணுவும் பால்பண்ணை வகைகளில் பெரும்பாலும் குரோமோசோமில் இல்லை, தனி பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன; என்சிடிஓ 712 என்ற வகையில் இரண்டும் ஒரே பிளாஸ்மிட்டில், அது போனால் இரண்டும் போச்சு.

சோதனை எளிது. லாக்டோஸ் மட்டுமே சர்க்கரையாக உள்ள அகர் ஊடகத்தில், அமிலம் பட்டால் மஞ்சளாகும் புரோமோகிரெசால் பர்பிள் சாயம் சேர்த்து, காலனிகள் தனித்தனியாக வரும்படி நீர்த்துப் பரப்பி 30 டிகிரியில் வையுங்கள். மஞ்சள் காலனி லாக்டோஸை அமிலமாக்குகிறது, சரி. வெளுத்த சின்னக் காலனிதான் பெரும்பாலும் பிளாஸ்மிட்டைத் தொலைத்தது. தட்டை ரொம்ப நேரம் விட்டுவிடாதீர்கள், மஞ்சள் பரவி எல்லாமே ஒரே மாதிரி தெரியும்.

மஞ்சளாக வந்தும் பால் மெதுவாகவே உறைகிறதா? கொஞ்சம் கேசின் ஹைட்ரோலைசேட் (ஏற்கெனவே வெட்டப்பட்ட கேசின்) சேர்த்துப் பாருங்கள், வேகம் திரும்பினால் குறை புரோட்டியேஸில்.

பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால், ஈ.கோலை பாக்டீரியாவுக்கான பிரித்தெடுப்புக் கிட்டை அப்படியே நம்பாதீர்கள். லாக்டோகாக்கஸின் செல்சுவர் தடிமன், முதலில் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதியைப் போட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும்.

அப்புறம், குளுக்கோஸ் ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்ப்பதை நிறுத்துங்கள், அங்கே இந்த பிளாஸ்மிட் வெறும் சுமை. பாலில் வளர்த்து, நல்ல மஞ்சள் காலனி ஒன்றிலிருந்து கிளிசரால் சேர்த்த குப்பிகளை மைனஸ் 80 டிகிரியில் போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுக் குப்பியைத் திறங்கள்.