பூனைக்குச் சுகர், கூடவே கிட்னி, கணையம்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

பூனைக்கும் சுகர் வரும். வயதான, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். சுகர் மட்டும் என்றால் கை பழகிவிடும். ஆனால் வயதான பூனைகளுக்குப் பல நேரம் அது தனியாக வருவதில்லை. எங்கள் வீட்டு முத்துவுக்குச் சுகரோடு கிட்னிக் கோளாறு, அவ்வப்போது கிளம்பும் கணைய அழற்சி, பின்னங்கால் தளர்ச்சி எல்லாம் இருக்கின்றன. இன்சுலின் பாட்டிலை முதன்முதலாகக் கையில் வாங்கிக்கொண்டு திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் அளவு ஒரே எண்ணில் நிற்காது. ஈறில் சீழ் பிடித்தால் தேவை கூடும். பல்லைப் பிடுங்கி ஈறு ஆறினால் குறையும். சாப்பாடு மாறினாலும் குறையலாம். மற்ற நோய் ஒவ்வொன்றும் அந்த அளவை மேலேயோ கீழேயோ இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கவனிப்பதுதான் நம் வேலை. அளவை மாற்றுவது டாக்டரின் வேலை.

படி 1: என்னென்ன நோய் என்று முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறையத் தண்ணீர் குடிப்பது, மணல் தட்டு சீக்கிரம் நனைந்துபோவது, நன்றாகத் தின்றும் இளைப்பது ஆகியவை சுகரின் அடையாளங்கள். இதே அடையாளங்கள் தைராய்டு அதிகமானாலும் தெரியும். தண்ணீர் தாகமும் இளைப்பும் கிட்னிக் கோளாறிலும் உண்டு. அதனால் அடையாளத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

ரத்தத்தில் ஒரு தடவை சுகர் ஏறியிருந்தால் மட்டும் போதாது. கூண்டில் அடைத்து ஆட்டோவில் தூக்கிப்போன பயத்திலேயே பூனைக்குச் சுகர் 300-ஐத் தாண்டலாம். அதனால்தான் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரக்டோசமின் என்ற சோதனையும் உண்டு. கடந்த ஓரிரு வாரங்களில் சுகர் எப்படி இருந்தது என்று அது காட்டும். தைராய்டு அதிகமுள்ள பூனையில் அது குறைத்துக் காட்டும் என்பதால் தைராய்டு ஹார்மோன் அளவைக் காட்டும் டி4 சோதனையும் சேர்த்துச் செய்வது நல்லது.

கிரியேட்டினின், பாஸ்பரஸ், பொட்டாசியம், சிறுநீர் கல்ச்சர், ரத்த அழுத்தம், பல் பரிசோதனை எல்லாம் இந்த முதல் சுற்றிலேயே முடியட்டும். உங்கள் ஊர் கிளினிக்கில் வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆஸ்துமாவுக்கோ தோல் அரிப்புக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சுகரைக் கிளப்பிவிட்டதே அதுவாக இருக்கலாம்.

படி 2: மெடிக்கலில் சிரிஞ்ச் வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்

உயிர் போகிற விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் மனிதர்களுக்கான இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் விற்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்பது ஒன்று, 100 யூனிட் என்பது மற்றொன்று. சிரிஞ்சுகளும் இரண்டு வகை. சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100.

பூனைகளுக்கு அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் 100 யூனிட் அடர்த்தி கொண்டது. லாண்டஸ், பாசலாக் போன்ற பெயர்களில் கிடைக்கும். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, 2.5 யூனிட். நாலு கிலோ பூனைக்கு அது பெரிய அளவு. பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு பெட்டி வாங்கும்போதும் பாருங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாலும் பாருங்கள்.

0.3 மில்லி கொள்ளளவுள்ள, அரை யூனிட்டுக்குக் கோடு போட்ட யு-100 சிரிஞ்ச் கிடைத்தால் அதை வாங்குங்கள். பூனைக்கு அரை யூனிட்டே பெரிய வித்தியாசம். தொடக்க அளவு பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட் போல இருக்கும். பெரிய பூனைக்குக்கூட ஆரம்பத்தில் 2 யூனிட்டைத் தாண்ட மாட்டார்கள்.

பாட்டிலை ஃபிரிட்ஜில், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் இல்லாமல், நடுத்தட்டில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் வீண். கிளார்ஜினோடு வேறு எதையும் கலக்காதீர்கள், நீர்க்கச் செய்யாதீர்கள். தோலுக்கடியில் போனதும் அது சிறு படிகங்களாக மாறி மெதுவாகக் கரைவதால்தான் நீண்ட நேரம் வேலை செய்கிறது. கலந்தால் அந்தக் குணம் கெட்டுவிடும்.

படி 3: சாப்பாடு

தயிர்சோறும் பால்சோறும் தின்று வளர்ந்த பூனைகள் நம் ஊரில் ஏராளம். சுகர் வந்த பிறகு அதை நிறுத்தியாக வேண்டும். பூனை மாமிசப் பிராணி. அதற்கு வேண்டியது புரதம் கூடுதலாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள ஈர உணவு. உலர்ந்த கொறிப்புத் தீனிகளில் பெரும்பாலும் மாவுச்சத்து அதிகம். பாக்கெட்டில் அந்த எண்ணைப் போட மாட்டார்கள், நாமே கணக்குப் போடலாம். 100-லிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றின் சதவீதங்களைக் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் அளவு போடவில்லையென்றால் உலர்தீனிக்கு 7, ஈரத்தீனிக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வேகவைத்த கோழியோ மீனோ மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாமல் போகும். வேகவைக்கும்போது வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம், இரண்டும் பூனைக்கு விஷம். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், தாத்தாவின் சுகர் மாத்திரை எதையும் பூனையிடம் முயற்சி செய்யாதீர்கள்.

ஏற்கெனவே இன்சுலின் போகும் பூனைக்குச் சாப்பாட்டை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாவுச்சத்து குறைந்தால் அதே பழைய யூனிட் அளவுக்கு மீறிப்போய்விடும்.

படி 4: ஊசி போடுவது

முதலில் சாப்பாட்டை வையுங்கள். அது நாலு வாய் தின்னட்டும். தின்கிற பூனைக்குத்தான் ஊசி.

தோள்பட்டைக்குப் பின்னாலோ விலாப்பக்கமோ தோலை இரண்டு விரலால் தூக்குங்கள். கூடாரம் மாதிரி எழும். அதன் அடிவாரத்தில் ஊசியைத் தோலுக்கு ஒட்டினாற்போல் நுழையுங்கள். சிரிஞ்சை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, வெளியே எடுங்கள். பிறகு அந்த இடத்து முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ பினாயில் போன்ற வாடை அடித்தாலோ மருந்து முடியில்தான் கொட்டியிருக்கிறது. அப்போது மறுபடி போடாதீர்கள். உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள். ஒரு வேளை சுகர் ஏறியிருப்பதைத் தாங்கலாம், இரட்டை அளவைத் தாங்க முடியாது.

பூனை சாப்பிட மறுத்தால்? இதற்கான பதிலை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாதி அளவு போடச் சொல்பவர்கள் உண்டு. சுத்தமாக நிறுத்திவிடுவதும் ஆபத்து, முழு அளவு போடுவதும் ஆபத்து. ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்கிற விஷயமில்லை இது.

படி 5: காதில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது

பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் ஊசியைவிட இதுதான் பூனையைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் பிடியுங்கள். காதின் விளிம்பையொட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடும், டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். நரம்பையே குத்த வேண்டாம், அதற்கும் விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரல் தப்பிக்கும். கடுகளவு துளி வந்தால் போதும், ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சால் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு துண்டு கோழி கொடுங்கள். சில நாளில் பூனை அந்தத் துண்டுக்காகவே வந்து உட்காரும்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாகச் சற்றுக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்று செய்த மீட்டரும் உண்டு. எதை வாங்கினாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஊசிக்கு முன் 200-க்குக் கீழே காட்டினால், புதியவர்கள் ஊசியை நிறுத்திவைத்து டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது, அளவு மாறிய ஒரு வாரம் கழித்தும், ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள். சுகர் எந்த நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது அதில்தான் தெரியும். அது 80 முதல் 150-க்குள் இறங்கி நின்றால் நல்லது.

சில பூனைகளுக்கு, குறிப்பாக முதல் சில மாதங்களிலேயே சுகர் கட்டுக்குள் வந்தால், இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். நல்ல செய்திதான், ஆனால் பார்க்காமல் தொடர்ந்து ஊசி போட்டால் அதுவே ஆபத்தாகிவிடும்.

படி 6: கூட வந்த நோய்கள்

கிட்னி. இங்கேதான் பெரிய இழுபறி. கிட்னிக்கான சிறப்புத் தீனியில் பாஸ்பரஸ் குறைவு, ஆனால் மாவுச்சத்து கூடுதலாக இருக்கும். சுகருக்கான தீனி இதற்கு நேர் எதிர். கிட்னிக் கோளாறு ஆரம்ப நிலையில் இருந்தால், பாஸ்பரஸ் அதிகமில்லாத, மாவுச்சத்து குறைந்த ஈர உணவைத் தேர்ந்தெடுக்கலாம். முற்றிய நிலையில் கிட்னித் தீனி முக்கியமாகி, அதற்கேற்ப இன்சுலினை டாக்டர் கூட்டுவார். பாஸ்பரஸைக் கட்டும் மருந்தைச் சோற்றில் கலக்கவும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் பூனை எதையுமே தின்னாமல் போனால், அது தின்கிற உணவுதான் சரியான உணவு. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொன்னால் பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட்தான் எழுதுவார்கள். மெடிக்கலில் அது இல்லையென்று டிஎன்எஸ் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள், அதில் குளுக்கோஸ் இருக்கிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஏற்றினால் பூனை அதிகம் நெளியாது.

பூனை தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சைத் தொடும்படி தொங்கவிட்டால் பொட்டாசியம் இறங்கியிருக்கக்கூடும். சுகரும் கிட்னிக் கோளாறும் சேர்ந்த பூனையில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று கண் தெரியாமல் முட்டிக்கொண்டால் சுகர் என்று விட்டுவிடாதீர்கள். பூனைகளில் அதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்த அழுத்தம்தான். அதற்கு அம்லோடிபின் கொடுப்பார்கள்.

கணைய அழற்சியில் வாந்தி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கால்களை அடியில் மடித்து, முதுகைக் குவித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்கி நகர்ந்துவிட்டால் குமட்டுகிறது என்று அர்த்தம். குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து வாங்குங்கள். மனித வலி மாத்திரை கூடாது, ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

பின்னங்கால் தளர்ச்சி என்றால், பூனை குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். சுகர் நரம்பைப் பாதித்ததன் விளைவு இது. சுகர் கட்டுக்குள் வந்தால் பல பூனைகளில் மெல்லச் சரியாகிறது. மெத்தில்கோபாலமின் (ஒரு வகை பி12 வைட்டமின்) கொடுக்கச் சொன்னால், அட்டையைத் திருப்பிப் பொருள்பட்டியலை வாசியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல நரம்பு மாத்திரைகளில் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் சேர்ந்திருக்கும். அது பூனைக்குக் கொடிய விஷம். மெத்தில்கோபாலமின் மட்டுமே உள்ள மாத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் தள்ளிப்போடாதீர்கள். நோய்த்தொற்று இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது. எல்லாம் செய்தும் யூனிட் ஏறிக்கொண்டே போகிறது, முகமும் பாதமும் பருக்கின்றன என்றால், வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் அக்ரோமெகலியாக இருக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 7: அவசரம்

சுகர் இறங்கினால்: தள்ளாட்டம், நடுக்கம், வெறிகொண்ட பசி, கண் நிலைகுத்துவது, வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே. விழுங்க முடிகிற பூனைக்கு உடனே சாப்பாடு கொடுங்கள். முடியாதென்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் கிளம்புங்கள். இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறினால்: சாப்பிடாது, வாந்தி, சோர்வு, வாயில் அழுகிய பழ வாடை. கீட்டோன் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் மெடிக்கலில் கிடைக்கும், மணல் தட்டில் இருக்கும்போது நுனியை நனைத்தால் போதும். நிறம் மாறிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 8: நோட்டுப் புத்தகம்

தேதி, நேரம், சுகர், போட்ட யூனிட், தின்ற அளவு, மணல் தட்டில் சிறுநீர் பட்டுத் திரண்ட மணல் கட்டிகளின் எண்ணிக்கை, வாந்தி, வாரம் ஒருமுறை எடை. எடைக்கு, பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். கிட்னிக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு வேறொரு டாக்டர் என்று போகும்போது இந்த நோட்டு ஒன்றுதான் எல்லாரிடமும் ஒரே கதையைச் சொல்லும்.

ஊருக்குப் போக வேண்டிவந்தால், பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் குறைந்தது ஒரு நாள் முன்னதாக வரவழையுங்கள். உங்கள் கண்முன்னே அவர் ஒரு முறை காதில் ரத்தம் எடுத்து, ஒரு ஊசி போட்டுக் காட்டட்டும். சிரிஞ்ச் பெட்டி, தேன், கீட்டோன் ஸ்ட்ரிப், டாக்டர் நம்பர் எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கட்டும். டப்பாவின் மூடியில் இன்சுலின் யூனிட்டைப் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே "சந்தேகம் வந்தால் போடாதே, கூப்பிடு" என்று எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.