காவலூர் தொலைநோக்கியில் ஓர் இரவுக்கு ஆயத்தமாவது

ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதில் ஓர் இரவு ஒதுக்கப்பெற்ற ஆராய்ச்சி மாணவர், இருட்டிய பிறகுதான் வேலை தொடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த இரவின் பலனில் பெரும்பகுதி பொழுது சாய்வதற்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

இரு பருவமழைகளுக்கும் அகப்படாத ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைக் கேட்டு விண்ணப்பிப்பது நல்லது. மங்கலான விண்மீன் திரள்களுக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகள் வேண்டும். பிரகாசமான விண்மீன்களின் நிறமாலையை நிலவொளியிலும் எடுக்கலாம்.

காவலூர் ஏறத்தாழ 12.5 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் தென்வானம் வெகுதூரம் தெரியும். ஆனால் தெரிவதெல்லாம் அளப்பதற்கு ஏற்றதாகிவிடாது. ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து அங்கே அதிகபட்சம் 30 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு நேர் மேலே உள்ள விண்மீனின் ஒளியைவிட இருமடங்கு காற்றைக் கடந்து வருகிறது. ஆகவே அது தெற்கே உச்சம் தொடும் வேளையை, அதாவது ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டிய நேரத்தை, அதற்கென்றே ஒதுக்கிவிட்டு, மேற்கே சாயும் பொருள்களை முன்னிரவிலும் கிழக்கே எழுபவற்றைப் பின்னிரவிலும் வைத்துப் பட்டியலிட வேண்டும்.

பிற்பகலில், ஒளியைப் படமாகப் பதியும் சி.சி.டி. கருவி போதிய அளவு குளிர்ந்து நிலைபெற்றிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பயஸ் படங்களை, அதாவது ஒளி படாதபோதும் கருவி காட்டும் அடிப்படை அளவைப் பதியும் படங்களை, எடுத்து முடிக்கவும். வானிலை இடம்கொடுத்தால் குவிமாடத்தை முன்கூட்டியே திறக்கச் சொல்லவும். வெளிக்காற்றைவிடத் தொலைநோக்கியின் ஆடி (கண்ணாடி) சூடாக இருந்தால், அதன் மேற்பரப்பில் எழும் காற்றோட்டமே விண்மீன்களின் பிம்பத்தை ஊதிப் பெருக்கிவிடும்.

அந்தி வானத்தை வைத்து ஃபிளாட் படங்கள், அதாவது கருவியின் உணர்திறன் இடத்துக்கு இடம் வேறுபடுவதைப் பின்னர் சரிசெய்ய உதவும் சீரான ஒளிப் படங்கள், எடுக்கும் வேளையே பதற்றமானது. நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். கருவியின் உணர்திறன் குறைவாக உள்ள நீல வடிகட்டியில் தொடங்கி, வானம் மங்க மங்கச் சிவப்புக்கு நகர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்தினால், தப்பித் தவறிப் பதிவாகும் விண்மீன்களைப் பின்னர் நீக்கிவிடலாம்.

இரவில் உங்கள் பொருளுக்கு இடையிடையே, ஒளிர்வு துல்லியமாக அளக்கப்பட்ட தர விண்மீன்களை வெவ்வேறு உயரங்களில் பதிவுசெய்யவும். வெப்பநிலை இறங்க இறங்கக் குவியமும் மாறும் என்பதால் அதையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஈரப்பதம் ஏறி, குவிமாடத்தை மூட வேண்டும் என்று தொலைநோக்கி இயக்குநர் சொன்னால், பாதியில் நிற்கும் படத்துக்காக மன்றாடாதீர்கள்; ஆடியின் அலுமினியப் பூச்சில் பனி படியவிடக் கூடாது. விடியலில் ஃபிளாட் படங்களை எடுப்பதானால் வடிகட்டிகளின் வரிசையைத் தலைகீழாக்கி, சிவப்பில் தொடங்கவும்.