இணைய முகவரியை வலமிருந்து வாசித்தல்: புதியவர்களுக்கான சொல் விளக்கம்

மட்டக்களப்பில் உள்ள கொமியூனிகேஷன் கடையொன்றில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால், "கூகுள் வேலை செய்யுதில்ல" என்று கைபேசியை நீட்டுபவர் ஒருவரையாவது காணலாம். விசாரித்துப் பார்த்தால் ஒருவருக்கு டேட்டா முடிந்திருக்கும். இன்னொருவர் வைபை கடவுச்சொல்லைப் பிழையாகக் கொடுத்திருப்பார். மற்றொருவர் முகவரியில் ஓர் எழுத்தை விட்டிருப்பார். மூன்று வேறு கோளாறுகளுக்கும் ஒரே பெயரைச் சொல்வதால், திருத்துபவருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை.

இணையம் என்பது கடலடிக் கேபிள்களாலும் கோபுரங்களாலும் கணினிகளையும் கைபேசிகளையும் இணைத்து வைத்திருக்கும் பாதையாகும். கல்லடிப் பாலத்தில் பேருந்தும் முச்சக்கரவண்டியும் மீன்பெட்டி கட்டிய சைக்கிளும் போவது போல, அந்தப் பாதையில் மின்னஞ்சல், வட்ஸ்அப் செய்தி, இணையப் பக்கம் ஆகியன தனித்தனியே பயணம் செய்கின்றன. 'வெப்' எனப்படும் வலை அவற்றுள் ஒன்றுதான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969 இல் இயங்கத் தொடங்கியது. டிம் பேர்னர்ஸ் லீ வலையை முன்மொழிந்ததோ 1989 இல், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றியபோதுதான். ஆகவே, வட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருக்க ஒரு பக்கம் மாத்திரம் திறக்காவிட்டால், ரவுட்டரைக் கழற்றி மாட்டுவதற்கு முன் முகவரியைச் சரிபாருங்கள்.

பக்கத்தைத் திறந்து காட்டும் குறோம், பயர்பொக்ஸ் போன்ற செயலிகள் உலாவிகள். கூகுள் ஒரு தேடுபொறி. பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினியே சேர்வர்.

எல்லாவற்றிலும் நிதானமாகப் பழக வேண்டியது முகவரியை வாசிப்பதாகும். நாம் தபால் உறையில் வாழைச்சேனை, மட்டக்களப்பு, இலங்கை என்று சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போவது போலவே, டொமைன் பெயரிலும், அதாவது முகவரியில் தளத்தின் பெயராக நிற்கும் பகுதியிலும், பெரியது கடைசியில் நிற்கும். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். அந்த இடத்தில் 'டொட் கவ் டொட் எல்கே' என்று முடிந்தால் அது இலங்கை அரச நிறுவனம் ஒன்றின் தளம். அதே எழுத்துகள் நடுவில் வந்து, அவற்றுக்குப் பின் வேறொரு பெயரும் 'டொட் கொம்' என்பதும் நின்றால், அந்தத் தளம் அந்த வேறொரு பெயருக்கு உரியவருடையது. அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வட்ஸ்அப் குழுக்களில் வரும் இணைப்புகளை இவ்வாறு வாசித்த பின்னரே சுட்டெண்ணைத் தட்டச்சிட வேண்டும். (எல்கே என்பதற்கு இணையாக 'டொட் இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கு 2010 இலிருந்து இடமுண்டு, நம்மவர்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தாதது எனக்குக் குறைதான்.)

முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் எவரும் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்படுகிறது என்பது பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்றல்ல. மோசடித் தளங்களும் அதைப் பெற்றுக்கொள்கின்றன.

வேகத்தைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் பிட், பைட் என்ற இரு சொற்களால் வருகிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டிலும் கோப்பின் அளவை மெகாபைட்டிலும் சொல்வது வழக்கம் என்பதால், விநாடிக்கு 20 மெகாபிட் இணைப்பில் 25 மெகாபைட் வீடியோ ஒன்று இறங்கக் குறைந்தது 10 விநாடிகள் செல்லும். விளம்பரத்தில் பார்த்த எண்ணை எட்டால் வகுத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

குக்கி என்பது தளம் உங்களை அடையாளம் காண உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபின் உலாவியை மூடினாலும் அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கக்கூடும். ஒருமுறை நகரில் ஒரு கடையில் நான் மின்னஞ்சல் தளத்தைத் திறந்தபோது, எனக்கு முன் இருந்தவரின் அஞ்சல்பெட்டியே விரிந்தது. அவர் அனுப்பிய அடையாள அட்டைப் படம் மேலேயே கிடந்தது. அவருக்காக லொக்அவுட்டை நானே அழுத்தினேன். கடைக் கணினியில், மூடியதும் குக்கிகளை அழித்துவிடும் தனிப்பட்ட சாளரத்தை உலாவியில் திறந்து வேலை செய்து, எழும்பும்போது லொக்அவுட் அழுத்தி, தரவிறக்கிய கோப்பையும் அழித்துவிடுங்கள். தனிப்பட்ட சாளரம் தரவிறக்கிய கோப்புகளைத் தானாக நீக்காது.